மல்லாந்த உடலும் நிற்கும் சொற்களும்

கட்டிலில் ஒருவர் மல்லாந்து படுத்திருக்கிறார். அவருடைய தொப்புளுக்கு மேலே வலிக்கிறது என்று சொல்கிறார். மேலே என்றால் எங்கே? கூரையை நோக்கிய பக்கமா, நெஞ்சை நோக்கிய பக்கமா? நாம் யாரும் இந்த ஐயத்தில் ஒரு கணமும் நிற்பதில்லை. படுத்திருப்பவரை மனத்துக்குள் எழுப்பி நிறுத்தி, நெஞ்சுப் பக்கம் என்று பொருள் கொண்டுவிடுகிறோம். அவரே குப்புறப் படுத்திருந்தாலும், ஒருக்களித்துப் படுத்திருந்தாலும், தலைகீழாகத் தொங்கினாலும் அந்த ‘மேலே’ இடம் மாறுவதில்லை. போதாக்குறைக்கு நம் பேச்சு வழக்கில் ‘மேல்’ என்பதே உடம்பையும் குறிக்கும். மேலெல்லாம் வலி என்றால் உடம்பெங்கும் வலி.

அன்றாடப் பேச்சில் இவ்வளவு எளிதாகத் தீர்ந்துவிடும் இந்தச் சிக்கல், உடற்கூறியலில் பல நூற்றாண்டுகள் தீராமல் இருந்தது. உடலின் உறுப்புகளுக்குப் பெயர் வைத்த வரலாற்றைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். உறுப்புகள் எங்கே இருக்கின்றன, எந்தப் பக்கம் அசைகின்றன என்று சொல்லும் சிறு சொற்களின் வரலாறு அதிகம் பேசப்படுவதில்லை. மேல், கீழ், முன், பின், அருகு, சேய்மை, மடக்கல், நீட்டல் ஆகிய இச்சொற்களுக்குள் மனிதனைப் பற்றிய ஒரு பெரிய வழக்கே ஒளிந்திருக்கிறது. அதைத்தான் இங்கே பேச முற்படுகிறோம்.

இன்று உலகெங்கும் மருத்துவ மாணவர் முதல் நாளில் கற்பது ஒரு நிலையை. உடல் நிமிர்ந்து நிற்கிறது. முகமும் கண்களும் நேர்முன்னே நோக்குகின்றன. பாதங்கள் சேர்ந்து விரல்கள் முன்னோக்கி இருக்கின்றன. கைகள் உடலின் பக்கங்களில் தொங்குகின்றன. உள்ளங்கைகள் மட்டும் முன்பக்கம் திரும்பியிருக்கின்றன. இதை உடற்கூற்று நிலை என்பர். எல்லாத் திசைச்சொற்களும் இந்த நிலையில் உள்ள உடலுக்கே பொருந்தும். உடல் உண்மையில் எப்படிக் கிடந்தாலும் சொற்கள் இந்த நிற்கும் உடலையே பேசும்.

இதில் இரண்டு விந்தைகள் உண்டு. முதலாவது, யாரும் இயல்பாக இப்படி நிற்பதில்லை. நாம் சும்மா நிற்கும்போது உள்ளங்கைகள் தொடைகளைப் பார்த்திருக்கும். இரண்டாவது, உடற்கூறியல் பிணத்திலிருந்து கற்ற கலை. பிணம் மேசைமேல் கிடக்கிறது. கிடக்கும் உடலில் கண்டதை நிற்கும் உடலின் மொழியில் எழுத வேண்டியிருந்தது. ஆய்வுக்கூடத்தில் கிடக்கும் சடலத்தைச் சொற்கள் அன்றாடம் எழுப்பி நிறுத்துகின்றன.

சொற்களுக்கு முன்பே ஓவியம் இதைச் செய்துவிட்டது. ஆந்திரேயாஸ் வெசாலியஸ் 1543ல் பாசல் நகரில் அச்சிட்ட மனித உடலின் அமைப்பு பற்றிய பெருநூலில் தசை மனிதர்களின் படங்கள் உண்டு. தோல் உரிக்கப்பட்ட உடல்கள் இத்தாலிய நிலக்காட்சி ஒன்றின் முன்னால் நிற்கின்றன. பின்னால் குன்றுகளும் கட்டடங்களும் தெரிகின்றன. படத்துக்குப் படம் ஓர் அடுக்குத் தசை குறைகிறது. கடைசிப் படங்களில் உடல் தானாக நிற்க இயலாமல் கயிற்றிலும் சுவரிலும் தாங்கி நிற்கிறது. ஆனாலும் அது நின்றாக வேண்டும், படுக்க அனுமதியில்லை. அதே வெசாலியஸ் பெயர் வைப்பதில் ஆர்வம் காட்டவில்லை என்பதும் சுவையானது. தசைகளுக்கு அவர் பெரும்பாலும் எண்களையே இட்டார். முதல் தசை, இரண்டாம் தசை என்று எண்ணிப் போனால் எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்ற கேள்வி மீண்டும் வருகிறது.

தமிழ் வாசகர்களுக்கு இந்த நிற்கும் உடல் புதிதல்ல. தெய்வத்தைப் பாடும்போது அடியிலிருந்து முடிவரையும், மானிடரைப் பாடும்போது முடியிலிருந்து அடிவரையும் வருணிப்பது நம் இலக்கிய மரபு. பாதாதிகேசம் என்றும் கேசாதிபாதம் என்றும் இவற்றை வழங்குகிறோம். இரண்டிலும் பாடப்படும் உடல் பாடுபவர் எதிரே நிற்கிறது. பார்வை ஓர் ஒழுங்கில் நகர்கிறது. எங்கே தொடங்குவது என்பதில்கூட ஒரு மதிப்பீடு இருக்கிறது. மேலிருந்து தொடங்குவதா, கீழிருந்து தொடங்குவதா என்பது உடலைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல என்பதை நம் புலவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஐரோப்பியத் திசைச்சொற்களின் குழப்பத்தை முதன்முதலில் முழுமையாக எதிர்கொண்டவர்களில் ஒருவர் எடின்பரோவில் உடற்கூறியல் கற்பித்த ஜான் பார்க்ளே. ஒப்பீட்டு உடற்கூறியலில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர் அவர். குதிரையையும் மனிதனையும் ஒரே வகுப்பில் பேச முயல்பவருக்கு எழும் இடர் எளிதில் விளங்கும். மனிதனின் மார்பெலும்பு முன்பக்கம் இருக்கிறது. குதிரைக்கு அது கீழ்ப்பக்கம். மனிதனின் தலை மேலே. குதிரையின் தலை முன்னே. ‘மேல் பெருஞ்சிரை’ என்று மனிதனில் நாம் சொல்லும் குழாயைக் குதிரையில் ‘முன் பெருஞ்சிரை’ என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே உறுப்பு, இரண்டு பெயர்கள். பெயரைப் பார்த்து ஒப்பிட முனையும் மாணவன் ஒவ்வொரு முறையும் விலங்கை மனத்துக்குள் நிமிர்த்திப் படுக்க வைத்துப் பார்க்க வேண்டும்.

1803ல் பார்க்ளே வெளியிட்ட புதிய உடற்கூற்றுப் பெயரீடு பற்றிய நூலின் வழி எளிமையானது. திசையை உலகத்திலிருந்து எடுக்காதே, உடலிலிருந்தே எடு. வானமும் தரையும் மாறும், எலும்புகள் மாறா. ஆகவே உடற்பகுதியில் மேல், கீழ் என்பதற்குப் பதிலாக, கழுத்தின் முதல் முள்ளெலும்பான அட்லஸின் பக்கம், இடுப்பின் திருவெலும்புப் பக்கம் என்றார். முன், பின் என்பதற்குப் பதிலாக மார்பெலும்புப் பக்கம், முதுகுப் பக்கம். முன்கையில் ஆர எலும்புப் பக்கம், அல்னா எலும்புப் பக்கம். கைகால்களில் உடலோடு சேரும் இடத்துக்கு அருகில் இருப்பது அண்மை, தொலைவில் இருப்பது சேய்மை. இச்சொற்களின் இறுதியை மாற்றினால் ‘அந்தப் பக்கம் நோக்கி’ என்ற பொருளும் வரும்படி ஓர் இலக்கணத்தையும் அவர் வகுத்தார்.

பார்க்ளேயின் சொற்களில் பெரும்பாலானவை வழக்கொழிந்தன. அட்லஸ் பக்கம் என்று இன்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. ஆனால் கைகால்களுக்கு அவர் தந்த அண்மை, சேய்மை இணை இன்று உலகின் ஒவ்வொரு மருத்துவக் குறிப்பிலும் இருக்கிறது. ஏன் அது மட்டும் பிழைத்தது? கை ஒன்றே காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது. உடற்பகுதி பெரிதும் அசையாதது. அதற்கு மேல், கீழ் போதும். கையோ தொங்கும், உயரும், தலைக்குப் பின்னால் போகும். கையைத் தூக்கியவுடன் மணிக்கட்டு முழங்கைக்கு மேலே வந்துவிடுகிறது. அண்மையும் சேய்மையும் கை எங்கே போனாலும் கூடவே போகும் சொற்கள். தேவை இருந்த இடத்தில் சொல் நிலைத்தது.

பார்க்ளேக்குப் பின் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் பெயர்கள் பெருகின. ஒவ்வொரு நாட்டிலும், ஒவ்வொரு பள்ளியிலும் ஒரே உறுப்புக்கு வெவ்வேறு பெயர். நூற்றாண்டின் இறுதியில் ஏறத்தாழ 50,000 பெயர்கள் புழக்கத்தில் இருந்ததாகச் சொல்வர். வில்ஹெல்ம் ஹிஸ் முன்னின்று நடத்திய ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் குழு அவற்றைச் சுமார் 5,000 ஆகக் குறைத்து, 1895ல் பாசலில் ஏற்புப் பெற்றது. வெசாலியஸின் நிற்கும் பிணங்கள் அச்சேறிய அதே பாசல். பாசல் பட்டியல் மனிதனை நிற்கவைத்தே பேசியது. மேல், கீழ், முன், பின் ஆகியவற்றையே அது திசைச்சொற்களாகக் கொண்டது.

இது எல்லோருக்கும் உவப்பாக இல்லை. கருவியலும் பரிணாமவியலும் வளர்ந்த காலம் அது. மனிதனின் உடல் விலங்குகளின் உடலோடு ஒரே திட்டத்தில் அமைந்தது என்றால், மனிதனுக்கு மட்டும் தனி மொழி எதற்கு என்று கேட்டவர்கள் இருந்தார்கள். 1935ல் யேனா நகரில் ஏற்கப்பட்ட திருத்தம் அவர்கள் பக்கம் சாய்ந்தது. முன்னும் பின்னும் போய் வயிற்றுப்புறமும் முதுகுப்புறமும் வந்தன. மேலும் கீழும் போய்த் தலைப்புறமும் வாற்புறமும் வந்தன. வாலில்லாத மனிதனுக்கும் வாற்புறம்! இருபது ஆண்டுகள் கழித்து, 1955ல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மாநாடு ஏற்ற பட்டியல் பெரிதும் பாசலுக்கே திரும்பியது. மனிதன் மீண்டும் எழுந்து நின்றான். 1998ல் வந்த பட்டியலும் அதற்குப் பிந்தைய திருத்தமும் அந்த வழியிலேயே செல்கின்றன. கால்நடை மருத்துவம் தலைப்புறம், வாற்புறம் என்ற சொற்களைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. கருவியலாரும் அப்படியே.

அகராதித் திருத்தமாகத் தோன்றும் இந்த ஊசலாட்டத்தில் ஒரு தத்துவ வழக்கு நடந்திருக்கிறது. மனிதனை விலங்குகளின் வரிசையில் வைத்துப் பேசுவதா, நிமிர்ந்து நின்ற தனி உயிராகப் பேசுவதா? இன்றைய ஏற்பாடு இரண்டையும் ஒப்புக்கொள்கிறது. கருவில் நமக்கு வாற்புறம் உண்டு. பிறந்து வளர்ந்து நோயாளியாக மருத்துவர் முன் வரும்போது கீழ்ப்புறம்தான்.

இனி அசைவுகளுக்கு வருவோம். கிடக்கும் உடலுக்கு இருப்பிடச் சொற்கள் போதும். வாழும் உடலுக்கு மூட்டசைவுச் சொற்கள் வேண்டும். மூட்டுகளை வகைப்படுத்துவதில் கேலனின் காலம் முதலே கிரேக்கச் சொற்கள் வழங்கின. கதவுக் கீலின் பெயரையே அவர்கள் முழங்கை போன்ற மூட்டுக்கு இட்டார்கள். கீல் மூட்டு என்றும், தோளிலும் இடுப்பிலும் இருப்பதைப் பந்து கிண்ண மூட்டு என்றும் நாம் பள்ளியில் படித்தது அந்த மரபின் தொடர்ச்சியே.

மடக்கல், நீட்டல் இரண்டும் எளிய சொற்களாகத் தோன்றும். முழங்கையை மடக்கினால் முன்கை முன்னே வருகிறது. முழங்காலை மடக்கினால் கால் பின்னே போகிறது. இரண்டும் எப்படி ஒரே சொல்லுக்குள் வரும்? விடை கருவில் இருக்கிறது. தொடக்கத்தில் கையும் காலும் ஒரே போக்கில் முளைக்கின்றன. பின்னர் இரண்டாம் மாதத்தில் கை ஏறத்தாழ 90 பாகை வெளிப்புறமாகவும், கால் அதே அளவு உட்புறமாகவும் திரும்புகின்றன. அதனால்தான் முழங்கை பின்னோக்கியும் முழங்கால் முன்னோக்கியும் அமைந்தன. மடக்கல் என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்திருப்பது அந்தப் பழைய உறவை மறக்காமல் இருப்பதாகும்.

கணுக்காலில் இந்த உறவு பெருங்குழப்பமாக வெளிப்பட்டது. பாதத்தை மேல்நோக்கித் தூக்கும் தசைகளுக்கு உடற்கூறியலார் நீட்டு தசைகள் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் பாதம் மேலே வரும்போது காலுக்கும் பாதத்துக்கும் இடையிலான கோணம் குறைகிறது. பார்ப்பவருக்கு அது மடக்கல். ஒரே அசைவை ஒருவர் நீட்டல் என்றும் மற்றவர் மடக்கல் என்றும் எழுதினால் நோயாளியின் குறிப்பு என்னவாகும்? இறுதியில் இரண்டு சொற்களையும் விட்டுவிடாமல் புறங்கால் மடக்கல், உள்ளங்கால் மடக்கல் என்று இரண்டு மடக்கல்களாக்கி வழக்கைத் தீர்த்தார்கள்.

அசைவுச் சொற்களில் நமக்கு மிகவும் பிடித்தது முன்கையின் இணைதான். உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவதற்கும் கீழ்நோக்கித் திருப்புவதற்கும் இலத்தீனில் வழங்கும் சொற்கள் படுக்கையிலிருந்து வந்தவை. மல்லாந்து கிடப்பதைக் குறிக்கும் சொல் ஒன்று. குப்புறக் கிடப்பதைக் குறிக்கும் சொல் மற்றொன்று. முழு உடலின் படுக்கையைக் கைக்கு ஏற்றிச் சொன்னார்கள். தமிழிலும் இதே வழி இயல்பாகத் திறந்திருக்கிறது. ஏந்திய கை மல்லாந்த கை. ஈகின்ற கை கவிழ்ந்த கை. ஏந்தல், கவிழ்த்தல் என்ற இரண்டு சொற்களும் எந்தத் தமிழருக்கும் விளக்கம் இல்லாமலே அசைவைக் காட்டிவிடும்.

உடற்கூற்று நிலையில் உள்ளங்கை ஏன் முன்பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்கும் இங்கேதான் விடை. கை ஏந்திய நிலையில் இருக்கும்போது மட்டுமே முன்கையின் இரண்டு எலும்புகளும் இணையாகக் கிடக்கின்றன. கவிழ்த்தால் ஆர எலும்பு அல்னாவின் குறுக்கே கடந்துவிடுகிறது. இணையான நிலையில் பெயர் வைத்தால்தான் உட்பக்கமும் வெளிப்பக்கமும் முழங்கை முதல் விரல்வரை மாறாமல் இருக்கும். இயல்புக்கு மாறான அந்த நிற்கும் நிலைக்கு இப்படியொரு காரணம் இருக்கிறது.

பெயர் பொய் சொன்ன கதையும் இங்கே உண்டு. முன்கையின் வெளிவிளிம்பில் தடித்துத் தெரியும் ஒரு தசைக்கு நெடுங்காலமாக ‘நீண்ட ஏந்துதசை’ என்ற பொருள்படும் இலத்தீன் பெயர் வழங்கியது. பிணத்தில் அதன் போக்கைப் பார்த்தவர்கள் அது கையை ஏந்தச் செய்யும் என்று ஊகித்தார்கள். பிரெஞ்சு மருத்துவர் துஷேன் உயிருள்ள மனிதரின் தோல்மீது மின்சாரத்தைச் செலுத்தித் தசைகளை ஒவ்வொன்றாகச் சுருங்கச் செய்து பார்த்தார். 1867ல் வெளிவந்த அவருடைய அசைவுகள் பற்றிய நூல், அந்தத் தசையின் முதன்மை வேலை முழங்கையை மடக்குவதே என்று காட்டியது. கவிழ்ந்த கையையும் ஏந்திய கையையும் அது நடுநிலைக்கே கொண்டுவருகிறது. பாசல் பட்டியல் அதற்கு, எந்த வேலையையும் சொல்லாமல், அது இருக்கும் இடத்தை மட்டும் சொல்லும் பெயரை வைத்தது. வேலையைப் பற்றி உறுதியில்லாதபோது இருப்பிடத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்வது நல்ல பெயரிடலின் பண்பு.

இந்த வரலாற்றில் தமிழுக்கும் ஓர் இடம் உண்டு. அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் 1822ல் பிறந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847ல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் நடந்த கல்வியை 1864 முதல் தமிழுக்கு மாற்றினார். தாய்மொழியில் கற்ற மருத்துவரே தம் மக்களிடையே தங்குவார் என்பது அவருடைய எண்ணம். அதற்கு நூல்கள் வேண்டும். மாணவர்களின் துணையோடு ஒரு நூல்வரிசையே உருவானது. இலண்டனில் 1858ல் முதற்பதிப்பு கண்ட கிரேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் 1872ல் தமிழில் வந்தது. பதினான்கே ஆண்டுகள்!

அந்தத் தலைப்பைக் கண்டவுடன் நமக்குப் பாதாதிகேசம் நினைவுக்கு வருகிறது. அந்நிய அறிவியல் ஒன்று தமிழ்ச் செவிக்குப் பழகிய ஓசையோடு உள்ளே வந்தது. வேதியியலுக்கோ அவர் ‘கெமிஸ்தம்’ என்று ஒலியைப் பெயர்த்துத் தமிழ் இறுதி சேர்த்துக்கொண்டார். இன்றைய கண்ணுக்கு அந்த நூல்களின் நடையில் வடமொழி மிகுதி தெரியும். கலைச்சொற்களைத் தனிப் பட்டியல்களாகத் தொகுக்கவும் அவர் தவறவில்லை. 1873ல் ஊர் திரும்பிய பின்னும் வூஸ்டரிலிருந்தே தமிழ் மருத்துவ நூல் வேலையைத் தொடர்ந்தார். 1884ல் அங்கேயே காலமானார். தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1870ல் தொடங்கிய கொழும்பு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் கற்பித்தது. வேலையும் மதிப்பும் அந்தப் பக்கம் இருந்தன. தமிழ்நாடு பாடநூல் கழகம் மாணவர்களுக்கான கிரே உடற்கூறியலைத் தமிழில் வெளியிட்டது 2023ல். இரண்டு கிரேக்களுக்கும் இடையே நூற்றைம்பது ஆண்டுகள்.

சொற்கள் எதற்காக இவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும் என்று கேட்பவருக்கு, வலமும் இடமும் போதும். உடற்கூறியலில் இடம் என்பது எப்போதும் நோயாளியின் இடம். பார்ப்பவரின் இடம் அல்ல. எதிரே நிற்பவரின் இடக்கை நம் வலப்பக்கம் இருக்கிறது. எக்ஸ்ரே படத்திலும் அப்படித்தான். இந்த ஒரு விதி மனத்தில் தடுமாறினால் கத்தி தவறான பக்கத்தில் இறங்கும். 2008ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், மயக்க மருந்து தருவதற்கு முன்பே நோயாளியின் பெயரையும் அறுவைக்குரிய இடத்தையும் அவரிடமே உறுதிசெய்து, அந்த இடத்தைக் குறியிட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவர்கள் உடலிலிருந்து விலகும் அசைவையும் உடலை நோக்கி வரும் அசைவையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைச் சொல்லும்போது முதல் இரண்டு எழுத்துகளைத் தனித்தனியே உச்சரிப்பதும் இந்த அச்சத்தால்தான். ஓர் எழுத்து மாறினால் அசைவே எதிராகிவிடும். தமிழில் விலக்கல், அணைத்தல் என்று சொன்னால் அந்த மயக்கத்துக்கு இடமே இல்லை.

நம் மொழியில் உடம்பின் கிடைகளுக்கும் அசைவுகளுக்கும் சொற்கள் ஏராளம். மல்லாத்தல், கவிழ்தல், ஒருக்களித்தல், குந்துதல், மண்டியிடுதல், சம்மணமிடுதல், முடக்கல், நிமிர்த்தல் என்று வீட்டிலும் களத்திலும் அன்றாடம் புழங்கும் சொற்கள் அவை. கலைச்சொல் ஆக்குவோர் அகராதிகளுக்குள் தேடும் முன் இவற்றின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். பார்க்ளே சொன்னதும் ஏறத்தாழ அதுதான்: திசையை உடலிலிருந்தே எடு. அவ்வாறு எடுத்த சொற்களே இருநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றன.

கட்டிலில் மல்லாந்து கிடப்பவரிடம் மருத்துவர் குனிந்து, எங்கே வலிக்கிறது என்று கேட்கிறார். நோயாளி கையை வைத்துக் காட்டுகிறார். மருத்துவர் அதைக் குறிப்பேட்டில் எழுதும்போது அந்த உடல் எழுந்து நிற்கிறது. உள்ளங்கைகளை முன்பக்கம் திருப்பிக்கொள்கிறது. குறிப்பைப் படிக்கும் இன்னொரு மருத்துவர், வேறோர் ஊரில், வேறொரு நாளில், அதே இடத்தைச் சரியாகத் தொடுவார். சொற்கள் அந்த நம்பிக்கைக்காகத்தான் இத்தனை காலம் சண்டையிட்டுக்கொண்டன.